மருமகனோடு கொழும்புக்கு

ஓகஸ்ட் 14, வியாழன்: இரவு பஸ்

அக்காவின் மகனுக்குக் கொழும்பில் ஒரு கம்பனியின் கூடைப்பந்து அணிக்குத் தேர்வு. மட்டக்களப்பிலிருந்து தனியே போகிறேன் என்றவனை அக்கா விடவில்லை. எனக்கும் புறக்கோட்டையில் கொஞ்சம் வேலை இருந்ததால் துணைக்குக் கிளம்பினேன். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: கொழும்பில் வங்கிகளும் பெரிய கம்பனிகளும் தங்கள் பெயரில் அணி வைத்துப் போட்டி நடத்துகின்றன. நன்றாக ஆடுகிற பொடியனுக்கு உள்ளே ஒரு வேலை கொடுத்து அணியிலும் சேர்த்துக்கொள்வார்கள். முப்படை, பொலிஸ் அணிகளை விட்டால் கூடைப்பந்து விளையாடிச் சம்பளம் வாங்க இந்த நாட்டில் பெரும்பாலும் இருக்கிற வழி இதுதான்.

மருமகனுக்கு வயது 22. உயரம் ஐந்தடி ஏழங்குலம். அணியில் பந்தைக் கொண்டுபோய்ப் பிரித்துக் கொடுக்கிற பொயின்ட் கார்ட். போன வருடம் வேறொரு கம்பனி இவனை எடுத்து, சில மாதம் தற்காலிகமாக வைத்திருந்து, போட்டிகள் முடிந்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அதற்கு முன் ஒரு கழகமும் அப்படித்தான் செய்தது. பஸ் ஏறாவூரைத் தாண்டும்போது கண்ணாடியில் தலையைச் சாய்த்தபடி சொன்னான்: "எல்லாரும் பார்த்துப்போட்டுத் திருப்பி அனுப்புறாங்க மாமா."

எனக்கு அந்தச் சாலையில் வேறொரு நினைவு ஓடிக்கொண்டிருந்தது. விடிந்தால் ஓகஸ்ட் 15. 1990இல் இதே நாளில்தான் யூஜின் ஹெபர்ட் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு பையனோடு ஸ்கூட்டரில் புறப்பட்டார். இரண்டு பேரும் வந்து சேரவில்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்து 1948இல் இங்கே வந்த யேசு சபைக் குரு அவர். புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்து என்றால் எங்கள் ஊரில் முதலில் வருவது அவர் பெயர்தான். நான் அப்போது சின்ன வகுப்பு. மைதான ஓரத்தில் அங்கியோடு நின்றவரைத் தூரத்தில் பார்த்தது மட்டும் ஞாபகம். இந்தப் பாதையால் இரவில் போகும்போதெல்லாம் நெஞ்சு கனத்துப்போகிறது.

மருமகனிடம் அதைச் சொல்லவில்லை. அவனுக்கு அப்போது தேவைப்பட்டது வேறு கதை. அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் இஷ் ஸ்மித்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.

வட கரோலைனாக்காரர். ஆறடி உயரம். நமக்கு அது உயரம், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.யில் அது கட்டை. 2010இல் புதிய ஆட்டக்காரர்களை எடுக்க நடந்த தெரிவில் அணிகள் 60 பேரை எடுத்தன, அதில் இவர் இல்லை. பிறகு ஹூஸ்டன் அணி சேர்த்துக்கொண்டது. அடுத்த பெப்ரவரியில் ஷேன் பேட்டியரை மெம்பிஸுக்கு மாற்றியபோது இவரையும் சேர்த்து அனுப்பிவிட்டது. அதன்பின் கோல்டன் ஸ்டேட், அங்கிருந்து ஒர்லாண்டோ. 2013 பெப்ரவரியில் ஜே.ஜே. ரெடிக்கோடு மில்வோக்கி, அதே ஓகஸ்டில் கரோன் பட்லருக்கு மாற்றாக ஃபீனிக்ஸ். பெரிய பெயர்கள் கைமாறும்போது கூடப் போகிற பெயராகவே மூன்று வருடம் ஓடியிருக்கிறது.

"போகமாட்டேன் எண்டு சொல்லேலாதா மாமா?"

சொல்ல முடியாது. அந்த உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருப்பது மிகச் சிலருக்குத்தான். மற்றவர்களை அணி எங்கே மாற்றினாலும் போகவேண்டியதுதான். ஒப்பந்தமும் சம்பளமும் கூடவே போகும், ஊர்தான் மாறும். ஒப்பந்தத்தோடு கழற்றிவிட்டால் இன்னும் மோசம். 48 மணி நேரம் மற்ற அணிகள் பார்த்துக்கொண்டிருக்கும், யாரும் கைதூக்காவிட்டால் நடுத்தெரு. ஃபீனிக்ஸும் கழற்றிவிட்ட பிறகு, 2014-15 பருவத்தில் மட்டும் மறுபடி ஹூஸ்டன், பிறகு ஒக்லஹோமா சிட்டி, நியூ ஒர்லியன்ஸ், ஃபிலடெல்ஃபியா என்று நான்கு அணிகளின் பெயர் இவர் கணக்கில் ஏறியது. நியூ ஒர்லியன்ஸ் அந்த முறை இவரைக் களத்தில் இறக்கவே இல்லை.

ஹபரணையில் பஸ் நின்றது. ஏசி குளிரில் கால் மரத்துப்போயிருந்தது. பிளேன்டீ 60 ரூபாய், இஞ்சி தட்டிப் போட்டது, நாக்கு சுடச்சுடக் குடித்தோம். நடத்துனர் ஒரு கைக்குழந்தைக்காரிக்குத் தன் சீட்டைக் கொடுத்துவிட்டுக் கொழும்புவரை படிக்கட்டில் நின்றுகொண்டே வந்தார். யாரும் கேட்காமலே செய்தார் என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஓகஸ்ட் 15, வெள்ளி: அலைச்சல்

குருநாகலைத் தாண்டியதும் பின் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றுப் போதவில்லை. சாலையோரம் நின்று, பின்னால் வந்த பஸ்ஸில் ஏறி, கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது எட்டேகால். ஒன்பது மணிக்குத் தேர்வு. முகம் கழுவ நேரமில்லை, பஸ் நிலையக் குழாயில் தலையை நனைத்துக்கொண்டு ஓட்டோ பிடித்தோம்.

சொன்ன உள்ளரங்கில் பூப்பந்துப் போட்டி நடந்துகொண்டிருந்தது. காவலாளிக்கு எங்கள் விஷயமே தெரியாது. ஒருங்கிணைப்பாளருக்கு அழைத்தால், இடம் மாறிவிட்டது, எல்லோருக்கும் வட்ஸப்பில் போட்டோமே என்றார். இவனுடைய எண்ணை அந்தக் குழுவில் சேர்த்திருக்கவில்லை. புதிய இடம் ஒரு திறந்தவெளிக் கோர்ட். அங்கே போய்ச் சேர்ந்து இவன் சப்பாத்து நாடாவைக் கட்டி முடிக்க, மழை பிடித்துக்கொண்டது. ஓகஸ்டில் கொழும்பு மழை பத்து நிமிடம் அடித்துவிட்டு ஓடிவிடும் என்பார்கள். இது ஒரு மணி நேரம் நின்று பெய்தது. சீமெந்துத் தரையில் கோடுகள் தெரியாத அளவுக்குத் தண்ணீர். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கொழும்புப் பொடியன்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் இன்னொரு இரவுக்கு அறை தேடவேண்டியதாயிற்று. வெளியூரிலிருந்து பிள்ளைகள் வருவார்கள் என்பதை யோசிக்காமல் தேர்வு நடத்துவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒரு நாள் தள்ளிப்போனால் மட்டக்களப்புக்காரனுக்கு ஆறாயிரம் ரூபாய் செலவு.

நனைந்துகொண்டு வாசலில் நின்றபோது ஒரு சிங்கள ஓட்டோக்காரர் நிறுத்தி, "மல்லி (தம்பி), ஏறு" என்றார். பையிலிருந்து பந்தை எடுக்கச் சொல்லித் தன் துவாயால் அதைத் துடைத்துக் கொடுத்தார். தோல் நனைந்தால் பந்து பாரமாகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, மகள் வலைப்பந்து ஆடுகிறாளாம். வெள்ளவத்தைவரை மீட்டரில் 640 காட்டியது. 700 கொடுத்தேன். மீதியை எண்ணிக் கையில் வைத்துவிட்டுத்தான் போனார்.

அறை 4,500 ரூபாய், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில். கோச்சி (ரயில்) போகும்போது கட்டில் அசையும். மத்தியானம் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சோறு, பருப்பு, பயற்றங்காய், கணவாய்க் கறி, ஆளுக்கு 650. கடைக்கார அம்மா இணுவில்காரி. மருமகனின் கையில் பந்தைக் கண்டதும், "நெட்போலா தம்பி? எங்கட தர்ஜினியைத் தெரியுமே?" என்றார். பரிமாறுவதை விட்டுவிட்டு நின்று கதைத்தார். தர்ஜினி சிவலிங்கம், புன்னாலைக்கட்டுவன் பிள்ளை, 208 சென்டிமீற்றர். 2009, 2018, 2022 என ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை இலங்கை வென்ற அணிகளில் இருந்தவர். மெல்பேர்ணில் சிட்டி வெஸ்ட் ஃபல்கன்ஸ் கழகத்துக்கு ஆடியவர். 2019இல் லிவர்பூல் உலகக் கிண்ணத்தில் அதிகக் கோல் போட்டவர். ஆண்டுகளை எல்லாம் அம்மா சொல்லவில்லை, அவை நான் சேர்த்தவை. அம்மா சொன்னது ஒன்றுதான்: "அவ்வளவு உயரமான பிள்ளையை எங்கட ஆக்கள் றோட்டில நிண்டு பார்ப்பினம். இப்ப முழு நாடும் பார்க்குது." இரண்டாம் முறை சோறு போட்டதற்குக் காசு வாங்கவில்லை.

மருமகன் வெளியே வந்ததும் சொன்னான்: "அவவுக்கு உயரம் இருந்துச்சு மாமா. எனக்கு?" நான் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் நன்றாகத் தூங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓகஸ்ட் 16, சனி: கோர்ட்டும் வெள்ளவத்தையும்

வெயில். தரை காய்ந்திருந்தது. முப்பது பேரளவில் வந்திருந்தார்கள், பாதிப்பேர் ஆறடிக்கு மேல். முதலில் ஓட்டம், பிறகு ஓடிவந்து கூடைக்குக் கிட்டப் போடுகிற லே-அப், பிறகு தனித்தனியாக ஷூட்டிங். இவன் இரண்டு மூன்று ஷொட் தவறவிட்டான். பக்கத்தில் நின்ற ஒரு தகப்பன் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, "பயப்படாதீங்க, ஆட்டத்தில தெரியும்" என்றார் கொச்சைத் தமிழில்.

ஆட்டத்தில்தான் தெரிந்தது. முன்பின் அறியாத ஐந்து பேரை ஒன்றாக விட்டார்கள். பந்து எறிவதற்கு முன் இவன் நான்கு பேரிடமும் போய்ப் பெயர் கேட்டான். நடுவில் நின்ற நெட்டைப் பொடியன் இடது கைக்காரன். முதல் இரண்டு பந்தையும் மற்றவர்கள் அவனுடைய வலப்பக்கம் கொடுத்து, அவன் திரும்பிப் பிடிப்பதற்குள் பறிபோயின. மூன்றாவது முறை மருமகன் பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, தடுப்பவனின் காலுக்கு வெளியே தரையில் ஒரு தட்டுத் தட்டி, நெட்டையனின் இடது உள்ளங்கைக்கு நேரே எழும்பும்படி அனுப்பினான். அவன் கையை அசைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, திரும்பினான், போட்டான். அடுத்தடுத்து நான்கு தடவை அதே இடம். ஐந்தாவது தடவை நெட்டையன் தானாகவே அங்கே வந்து கையை விரித்து நின்றான். பயிற்சியாளர் கடதாசியில் ஏதோ எழுதியதைக் கண்டேன். "பிறகு அறிவிப்போம்" என்றார்கள்.

திரும்பும் வழியில் புறக்கோட்டையில் என் வேலையை முடித்தேன். இவனுடைய சப்பாத்தின் அடி வலது பெருவிரல் பக்கம் தேய்ந்து பிளந்திருந்தது. ஒரு கடையில் 14,500 ரூபாய்க்கு நல்ல சோடி இருந்தது. போட்டுப் பார்த்து, இரண்டு தரம் குதித்துப் பார்த்து, கழற்றி வைத்துவிட்டான். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை, தன் எண்ணை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார்.

இரவு, வெள்ளவத்தையில் இருக்கிற எங்கள் கல்லூரி அண்ணன் வீட்டுக்குப் போனோம். அவர் எண்பதுகளில் மிக்கேல் அணிக்கு ஆடியவர். 1990இல் ஊரை விட்டுக் கொழும்புக்கு வந்து ஒரு கம்பனி அணி, பிறகு ஒரு வங்கி அணி, பிறகு கட்டார், அங்கே வார இறுதிகளில் பிலிப்பைன்ஸ்காரர்களோடு, அப்புறம் திரும்பி வந்து இன்னொரு கம்பனி. அண்ணனின் மனைவி குழல்புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் பாரை மீன் பொரியலும் வைத்தா. பாரை கிலோ 2,000 தாண்டிவிட்டதென்று சொல்லிக்கொண்டே எங்கள் தட்டில்தான் பெரிய துண்டுகளைப் போட்டா.

அண்ணனின் வலதுகை மோதிர விரல் நடு மூட்டில் வெளிப்புறமாக வளைந்திருக்கிறது. பந்து நுனியில் பட்டு மடங்கி, சரியாகக் கட்டுப்போடாமல் அடுத்த கிழமையே ஆடப்போனதால் வந்தது. அந்தக் கையாலேயே புட்டைப் பிசைந்தபடி மருமகனைக் கேட்டார்: "எத்தனை இடத்தில உன்னை எடுத்து விட்டவங்கள்?"

"ரெண்டு."

"எனக்கு அதைவிடக் கூட. புது ரீமுக்குப் போனா முதல் கிழமை நீ எவ்வளவு போடுறாய் எண்டு ஆரும் பார்க்கமாட்டாங்கள். நீ வந்த பிறகு மற்றவன் நல்லா ஆடுறானா எண்டுதான் பார்ப்பாங்கள். ஆருக்கு எந்த இடத்தில பந்து வேணும், ஆர் கோவக்காரன், ஆர் களைச்சாலும் சொல்லமாட்டான், இதெல்லாம் ரெண்டு நாளில படிச்சிடவேணும். அது தெரிஞ்சவனைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடுவாங்கள்."

நான் பஸ்ஸில் விட்ட கதையைத் தொடர்ந்தேன், ஏனென்றால் ஃபிலடெல்ஃபியாக் கதை இதுவேதான். 2015 கோடையில் அந்த அணி ஸ்மித்தை வைத்துக்கொள்ளவில்லை. அவர் வாஷிங்டனின் பயிற்சி முகாமுக்குப் போய், அங்கேயும் கழிக்கப்பட்டு, நியூ ஒர்லியன்ஸில் ஒட்டிக்கொண்டார். டிசம்பர் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவின் நிலை 31 ஆட்டத்தில் 1 வெற்றி. இளம் பொடியன்களுக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுக்க ஆளில்லை. நத்தாருக்கு முதல் நாள் அதே அணி, தான் சும்மா போகவிட்ட அதே மனிதரை, புதியவர் தெரிவின் இரண்டாம் சுற்றில் ஆள் எடுக்கும் இரண்டு உரிமைகளைக் கொடுத்து நியூ ஒர்லியன்ஸிடமிருந்து திரும்ப வாங்கியது. டிசம்பர் 26ஆம் திகதி ஃபீனிக்ஸை 111-104 என்று வென்றார்கள். இவரை முன்பு கழற்றிவிட்ட அந்த ஃபீனிக்ஸ்தான். அந்தப் பருவம் முழுவதிலும் ஃபிலடெல்ஃபியாவுக்கு வெற்றி 10, தோல்வி 72, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அடுத்த ஜூலையில் டெட்ரொயிட் இவருக்கு மூன்று வருடத்துக்கு 18 மில்லியன் டொலர் கொடுத்தது. அதுவரை இவ்வளவு பெரிய தொகைக்கு ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்ததில்லை, மூன்று வருடமும் அங்கேயே ஆடினார்.

இத்தனை அணி மாறியவன் என்றால் எவருக்கும் வேண்டாதவன் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். எனக்கு அது முழுப் பிழையாகத் தெரிகிறது. வேண்டாதவனுக்கு இரண்டாவது அணியே கிடையாது.

அண்ணன் கை கழுவிவிட்டு வந்து கேட்டார்: "நியூ ஒர்லியன்ஸ் எண்டாய் என்ன?" எங்கள் ஊரில் கூடைப்பந்தை வளர்த்த அமெரிக்க யேசு சபைக் குருக்கள் அந்தச் சபையின் நியூ ஒர்லியன்ஸ் மாகாணத்தவர்கள்தான். மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்குப் பெயர் கொடுத்த வெபர் அடிகளார் உட்பட. அதன்பின் நெடுநேரம் ஹெபர்ட் பாதரைப் பற்றித்தான் கதைத்தோம். பதினைந்தாம் திகதி வந்தால் காலையில் ஒரு மெழுகுதிரி ஏற்றாமல் அண்ணன் வேலைக்குப் போவதில்லையாம். மருமகன் பாதரின் பெயரைக் கேட்டிருக்கிறான், காணாமல்போன விபரத்தை அன்றுதான் முழுதாகக் கேட்டான். கேள்வி மேல் கேள்வி கேட்டான். எங்கள் இருவரிடமும் பதில் இல்லாத கேள்விகள்தான் கூட.

ஓகஸ்ட் 17, ஞாயிறு: காலிமுகத் திடல்

இரவு பஸ்தான் கிடைத்தது, பகல் முழுவதும் கையில். காலிமுகத் திடலில் காற்று மணலை முகத்தில் அடித்தது. கடல் கொந்தளிப்பு, அலை மதிலில் மோதி நடைபாதையை நனைத்தது. இரண்டு இறால் வடை 300 ரூபாய். வடை நன்றாகத்தான் இருந்தது, மேலே ஊற்றும் காரச் சாறு தண்ணீராக இருந்தது. மட்டக்களப்பு இறாலுக்குப் பழகிய வாய்க்கு அந்த இறால் போதாது.

மருமகன் தானாகவே கேட்டான், ஸ்மித்துக்குக் கடைசியில் என்னவாயிற்று என்று. 2019இல் வாஷிங்டன். 2021இல் பிறந்த ஊரான சார்லட். அங்கும் ஒரு பருவம் முடியவில்லை, 2022 பெப்ரவரியில் மறுபடி வாஷிங்டன். ஜூலையில் டென்வர். அதுதான் 13வது அணி. அதற்கு முன் சக்கி பிறவுண், டோனி மஸன்பர்க், ஜிம் ஜக்சன், ஜோ ஸ்மித் நான்கு பேரும் 12 அணிகளோடு சமமாக நின்றார்கள். பதின்மூன்றுக்கு ஆடிய முதல் ஆள் இவர். அந்தப் பருவத்திலேயே, 2023 ஜூன் 12ஆம் திகதி, டென்வர் மயாமியை 94-89 என்று வென்று தன் வரலாற்றில் முதல்முறையாகக் கிண்ணத்தை எடுத்தது. இறுதிச் சுற்றில் இவர் பெரும்பாலும் வாங்கிலில் இருந்தவர்தான். ஆனால் சம்பியன் மோதிரம் அவருக்கும் உண்டு. அதற்கடுத்த பருவம் திரும்பவும் சார்லட்.

"வாங்கில்ல இருந்தும் மோதிரமா?" என்றான்.

"பயிற்சியில தினமும் முதல் அஞ்சு பேருக்கு எதிரா நிண்டு ஆடுறது ஆர்?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வாங்கில் ஆட்டக்காரர்களுக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்டான். அது நல்ல கேள்வி. வீடுவரை அதையே கதைத்தோம்.

ஓகஸ்ட் 19, செவ்வாய்: வீட்டில்

காலையில் அழைப்பு வந்தது. முதல் பட்டியலில் இவன் பெயர் இல்லை, இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து மூன்று மாதம், களஞ்சியப் பிரிவில் வேலை, மாலையில் பயிற்சி. மூன்று மாதம் முடிய மறுபடி பார்ப்பார்களாம். அக்காவுக்கு அந்த "மறுபடி பார்ப்போம்" பிடிக்கவில்லை. போன முறையும் இப்படித்தானே சொன்னார்கள் என்றா. மருமகன்தான் சமாதானப்படுத்தினான்: "மூணு மாசத்தில எல்லாக் கம்பனிக்கும் எதிரா விளையாடுவம்தானே அம்மா. பார்க்கிறவங்க பார்ப்பாங்க."

வெள்ளவத்தையில் இரண்டு பேரோடு பங்கு போட்டு அறை எடுத்தாலும் மாதம் 18,000 கேட்கிறார்கள். முதல் மாதம் தன்னோடு இருக்கட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். பதிலுக்கு அவருக்குக் கட்டித் தயிர் வேண்டுமாம், முட்டியோடு, உடையாமல் கொண்டுவர வேண்டுமாம். சப்பாத்துக் கடைக்காரருக்கு நேற்றே அழைத்தேன். அந்தச் சோடி இன்னும் இருக்கிறது. மாத முடிவுவரை எடுத்து வைப்பதாகச் சொன்னார், முன்பணம் கேட்கவில்லை.